வேறு பெயரில் சேமி

என் அருமைத் தங்கச்சிக்கு உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், பேத்தி நலம், கம்ப்யூட்டர் இப்போதுதான் நலம். அங்கே நீயும் உன் முழங்காலும் உன் வீட்டுக்காரரின் குறட்டையும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியப்படுத்தவும். உன் கடிதம் வந்து சேர்ந்தது. பத்தாவது வரைக்கும் படித்தவள் என்று காட்டுவதற்காகவே எழுத்தோடு எழுத்தைப் பின்னிப் பின்னி எழுதியிருந்தாய். பேத்தி பாதியும் நான் பாதியுமாகச் சிக்கெடுத்து வாசித்தோம்.

மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் இந்தத் தாளைக் கையை நீட்டிப் பிடித்து ஒருமுறை முழுசாகப் பார். பார்த்தாயா? இரண்டு பத்தி. நடுவில் வகிடு எடுத்த மாதிரி ஒரு மெல்லிய கோடு. மேலே உன்னை விளித்திருப்பது ஒரு கட்டத்துக்குள். கீழே மூலையில் ஒரு பூ. அச்சகத்தில் கொடுத்து அடித்ததில்லை. அஞ்சாவதோடு நிறுத்தப்பட்ட உன் அக்கா ஒரே ஒரு விரலால் தட்டித் தட்டித் தானே போட்டது. எதில் எப்படிப் போட்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதுவரை பொறாமையை அடக்கிக்கொள்.

வயசான காலத்தில் பேத்தியின் கடையில் உட்கார்ந்து டெலிபோன் எடுத்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு உன்னிடமே வந்துவிடு, மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது, என் வீடு உன் வீடு மாதிரி என்று எழுதியிருந்தாய். நல்ல மனசு. ஆனால் சின்ன வயசில் உன் சீப்பை எடுத்து ஒரு தடவை தலைவாரியதற்கு நீ தெருவே கூடும்படி போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து உன் பொருள் எதையும் நான் விரலால் தொட்டதில்லை, பேத்திக்கும் இதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அப்படியிருக்க உன் மாடியில் வந்து நான் எதைத் தொட்டு எதில் உட்காருவேன்? அதுபோக இப்போது என்னால் நகர முடியாது. நான் இல்லையென்றால் இந்தக் கடை இல்லை. உனக்குப் புரியும்படி விவரமாகச் சொல்கிறேன்.

கடை என்றால் வீட்டின் முன்னறைதான். தெருப்பக்கம் ஒரு ஜன்னல், ஒரு மேசை, கம்ப்யூட்டர், அச்சடிக்கும் பெட்டி, வருகிறவர்களுக்கு இரண்டு நாற்காலி. அதில் ஒன்றில் நான். வாசலில் ‘டிடிபி’ என்று பெரிதாகப் பலகை. போன மாதம் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து, “ஊசி எந்த ரூம்ல போடுவாங்க?” என்று கேட்டாள். அது டிபிடி, தடுப்பூசி, இது டிடிபி, பக்கம் கோக்கிற வேலை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் குழந்தை என் மடியில் தன் வேலையை முடித்துவிட்டது. நோட்டீசு, விசிட்டிங் கார்டு, புத்தகம் எல்லாவற்றுக்கும் எழுத்து எங்கே, படம் எங்கே, இடைவெளி எவ்வளவு என்று பக்கத்தைப் பிரிப்பதற்கு லேஅவுட் என்று பேர். நமக்குத் தெரிந்த லேஅவுட்தான், வேறொன்றுமில்லை. மனை பிரிக்கிற மாதிரி. பத்திதான் மனை, நடுவில் இருக்கும் வெள்ளை இடம் தெரு, ஓரத்து வெள்ளை பொதுப் பாதை. இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது நான். பேத்தி, “அப்படியும் வெச்சுக்கலாம் பாட்டி” என்றாள். வெச்சுக்கலாமா? அதுதானே அது?

இந்தக் கடைக்கு முதுகெலும்பே ஓய்வுபெற்றோர் சங்கத்தின் மாத இதழ்தான். அது போனால் பேத்தி பலகையைக் கழற்றிவிட்டு வேறு யாரிடமாவது சம்பளத்துக்குப் போகவேண்டியதுதான். அதன் செயலாளர் ஒருவர் இருக்கிறார். வளைந்த முதுகு, நீட்டிய மூக்கு, எதைக் கொடுத்தாலும் அதில் ஒரு கமா போடாமல் திருப்பித் தரமாட்டார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பேரே கமா. ‘கமா வருது’ என்றால் பேத்தி மேசையை ஒழுங்குபண்ணிவிடுவாள். அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இதழின் வடிவம் மாதத்துக்கு மாதம் ஒரு மயிரிழை கூட மாறக்கூடாது. ஏனென்றால் படிக்கிறவர்கள் எல்லாம் நம்ம வயசுக்காரர்கள். இரண்டாம் பக்கத்தை முதலில் திருப்பி, கீழே இடதுபக்கம் கருப்புக் கட்டத்தில் இந்த மாதம் யார் போய்ச்சேர்ந்தது என்று பார்ப்பார்கள். வலதுபக்கம் பூக்கட்டத்தில் யாருக்குப் பிறந்தநாள் என்று பார்ப்பார்கள். இரண்டையும் பார்த்துத் தான் எதிலும் இல்லை என்று தெரிந்தபிறகுதான் காபி குடிப்பார்கள். இடம் மாறினால் படபடப்பு வரும். மாறினால் வேலை எதிர்க்கடைக்குப் போய்விடும் என்று கமா சொல்லியிருந்தார். எதிர்க்கடைக்காரனும் தினமும் வாசலில் நின்று எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்படி இருக்கும்போதுதான் கம்ப்யூட்டர் படுத்தது. பேத்தி தாள் வாங்கப் போயிருந்த நேரம் ரிப்பேர்காரர் வந்தார். திறந்தார், மூடினார், உதட்டைப் பிதுக்கினார். “அம்மா, இதை முழுசாத் துடைச்சாத்தான் சரியாகும். துடைச்சிடட்டுமா?” என்றார். நீயே சொல், ஒரு மனுஷன் வலிய வந்து துடைக்கட்டுமா என்று கேட்டால் யாராவது வேண்டாம் என்பார்களா? “மூலைமுடுக்கு விடாம நல்லாத் துடைப்பா, இவ வாங்கின நாள்லேர்ந்து ஒரு துணி பட்டதில்லை” என்றேன். அவரும் துடைத்தார். கையில் துணியே இல்லாமல் எப்படித் துடைக்கிறார் என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. வந்து என்ன செய்ய? பேத்தி திரும்பி வந்து பார்த்தால் உள்ளே இருந்த அத்தனையும் போயே போச்சு. மற்ற வேலைகளை எல்லாம் கொடுத்தவர்களிடமே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சங்கத்து இதழின் லேஅவுட் மட்டும் அந்தப் பெட்டியைத் தவிர வேறெங்கும் இல்லை. “யாரைக் கேட்டுத் துடைச்சீங்க?” என்று பேத்தி போனில் அவரைக் கேட்க, அந்த ஆள் கொஞ்சம்கூட மனசாட்சி இல்லாமல் என்னைக் கேட்டுத்தான் என்று சொல்லிவிட்டார். இந்தக் காலத்தில் ஆட்களை நம்பவே முடியவில்லை.

பேத்தி அழவில்லை. அவள் நம்ம வம்சம். போன மாத இதழ் ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, “இதை அளந்து அப்படியே திரும்பப் போட்டுடலாம் பாட்டி, நீங்க அளந்து சொல்லுங்க, நான் போடறேன்” என்றாள். கடை ஸ்கேல் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து நிற்கிறது, அதை எடுத்தால் கதவு போய்விடும். என் தையல் டேப்பை எடுத்தேன். பத்தி அகலம் இவ்வளவு, ஓரம் இவ்வளவு, தலைப்புக் கட்டம் இவ்வளவு என்று நான் சொல்லச் சொல்ல அவள் போட்டுக்கொண்டே வந்தாள். போட்டு முடித்துப் பார்த்தால் பத்தியெல்லாம் பக்கத்துக்கு வெளியே போய்த் தெருவில் நிற்கிறது! பேத்தி என் கையிலிருந்த டேப்பை வாங்கி உற்றுப் பார்த்தாள்.

“பாட்டி, இதுல ஒன்னு எங்க?”

“எந்த ஒன்னு?”

“ஒன்னாம் நம்பர்! இது ரெண்டுலேர்ந்து ஆரம்பிக்குது!”

“அது பிஞ்சு போய் எத்தனையோ காலமாச்சு. அதனால என்ன, துணின்னா ஒரு அங்குலம் தாராளமா இருந்தா மூச்சு விட வசதியா இருக்கும்.”

“பக்கம் எதுக்கு பாட்டி மூச்சு விடணும்?”

இதில் உனக்கும் ஒரு செய்தி இருக்கிறது. இத்தனை வருஷமாக நான் தைத்துக் கொடுத்த ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாயே, குற்றம் என் தையலில் இல்லை, டேப்பில்தான் என்று இப்போது நிரூபணமாகிவிட்டது. அதே ஊருக்கு அதையும் சொல்லிவிடு.

எல்லாவற்றிலும் ஒன்றைக் கழித்து மறுபடி போட்டோம். நடுவில் நான் கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டேன். எனக்காகப் பேத்தி அதிலிருக்கும் சொல்லையெல்லாம் தமிழில் வைத்திருக்கிறாள். வெட்டு என்று ஒன்று, ஒட்டு என்று ஒன்று. ‘செயல் தவிர்’ என்று ஒன்று இருக்கிறது பார், அதுதான் அருமை. கடைசியாகச் செய்த தப்பு எதுவோ அது நடக்கவே நடக்காத மாதிரி ஆகிவிடும். உன் இரண்டாவது மாப்பிள்ளையை முடிவுபண்ணின அன்றைக்கு இது கையில் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

லேஅவுட் எப்படி வந்திருக்கிறது என்று காட்டுவதற்காகச் சங்கத்திலிருந்து கையில் கிடைத்த செய்திகளை மாதிரிக்குப் போட்டு அச்சடித்துக் கமாவிடம் கொடுத்தாள். அவர் அதில் கமாக்களை மட்டும் சரிபார்த்துவிட்டுச் சங்கத்து வாசகசாலையில் எல்லோரும் பார்க்கட்டும் என்று ஒட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அந்தத் தாளைக் கிழித்துக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“யாரும்மா என்னைக் கருப்புக் கட்டத்துல போட்டது?”

“அண்ணே, உள்ள வாங்க, முதல்ல உட்காருங்க.”

“நான் எப்படிம்மா உட்கார முடியும்? நான்தான் போயிட்டேனே!”

“போகலை அண்ணே, லேஅவுட்தான் கொஞ்சம் திரும்பிப் போச்சு.”

“என் சம்சாரம் இதைப் பார்த்துட்டு ஒரு சொட்டு அழலைம்மா. ‘படம் நல்லா விழுந்திருக்கு’ன்னு சொல்றா!”

அவருடைய பிறந்தநாள் கருப்புக் கட்டத்துக்குள் விழுந்திருந்தது. அந்தப் பக்கம் பூக்கட்டத்துக்குள், உண்மையாகவே காலமான ஒருவர் ‘இன்னும் பல்லாண்டு வாழ்க’ என்ற தலைப்புக்குக் கீழே சிரித்துக்கொண்டிருந்தார். எப்படி நடந்தது என்று யோசித்தால், நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இதழை அவளுக்குத் தெரியும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு என் கைக்கணக்கில் இடது, வலது என்று சொன்னேன், அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து திரையைப் பார்த்தபடி போட்டாள். என் இடது கை அவள் பக்கத்துக்கு வலது. கட்டங்கள் இடம் மாறிவிட்டன, செய்திகளை மட்டும் அவள் பழைய பழக்கத்தில் பழைய இடத்திலேயே போட்டுவிட்டாள். இதில் யார் மேலேயும் தப்பில்லை, மேசை மேலேதான் தப்பு. தபால்காரருக்குக் காபி கொடுத்து, “அண்ணே, இப்படி ஒரு தடவை எழுதிட்டா ஆயுசு கூடும்னு சொல்வாங்க” என்று வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பிவைத்தேன். போகும்போது அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படம் உண்மையிலேயே நன்றாகத்தான் விழுந்திருந்தது.

கட்டங்களை மாற்றிப் போட்டு மறுபடி அச்சடித்தாள். கமா வந்தார். பழைய இதழையும் புதுத் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்குப் பிடித்தார். எதிர்க்கடைக்காரன் அங்கிருந்து எட்டிப் பார்த்தான். கோட்டுக்கு மேல் கோடு, பூவுக்கு மேல் பூ உட்கார்ந்திருந்தது. “சரி” என்றார் கமா. அவர் சொன்ன சரிக்குப் பின்னாலும் ஒரு கமா இருந்தது எனக்குக் கேட்டது. நாளைக் காலையில் இந்த மாதத்துச் செய்திகளைக் கொண்டுவருவதாகவும் கூடவே உட்கார்ந்து முடித்து அச்சகத்துக்கு எடுத்துப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

பேத்தி மாதிரிச் செய்தியை எல்லாம் எடுத்துவிட்டு லேஅவுட்டை வெறுமனே காலியாக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். “பாட்டி, நல்லாக் கேட்டுக்குங்க. இது காலி மனை. இதுல யாரும் வீடு கட்டக் கூடாது. ஒவ்வொரு மாசமும் இதைத் திறந்து, ‘வேறு பெயரில் சேமி’ன்னு இருக்கு பாருங்க, அதை அமுக்கி, அந்த மாசத்துப் பேர் கொடுத்து, அதுலதான் கட்டணும். அப்பதான் இது என்னிக்கும் இப்படியே இருக்கும்.” நான் தலையை ஆட்டினேன். ஆனால் வேறு பெயரிலா? தங்கச்சி, உனக்குச் சொல்லவேண்டியதில்லை. உன் அத்தான் அந்த மூலை மனையை வாங்கி, ‘பேருக்குத்தானே’ என்று சொல்லித் தன் தம்பி பேரில் எழுதிவைத்தாரே, என்ன ஆச்சு? தம்பி வேலி போட்டான், கேட் போட்டான், கேட்டில் நாய் ஜாக்கிரதை என்று எழுதினான். நாய்கூட வாங்கவில்லை, நமக்காகவே எழுதினான். இதெல்லாம் இந்தச் சின்னப் பெண்ணுக்கு எங்கே தெரியும்? எதிர்க்கடைக்காரன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் பாடுபட்டு மீட்ட லேஅவுட்டை இவள் மாதாமாதம் வேறு வேறு பெயரில் வைக்கப் போகிறாளாம்!

அதனால் அவள் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசந்த நேரம் நானே கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தேன். லேஅவுட் காலியாகக் கிடந்தது. காலியாகக் கிடக்கிற மனையைத்தானே அடுத்தவன் வளைப்பான்? நாம் குடியிருந்தால் எவன் வருவான்? உனக்கும் பதில் எழுதவேண்டியிருந்தது. சரி என்று அதிலேயே இந்தக் கடிதத்தை அடிக்க ஆரம்பித்தேன். குறுக்கே நின்ற கட்டங்களை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன், இல்லாவிட்டால் உன்னை நலம் விசாரிக்கும் இடம் கருப்புக் கட்டத்துக்குள் வந்திருக்கும், நீ ஒரு மாதம் பேசமாட்டாய். இதுவரை அடித்ததும் சேமி, வேறு பெயரில் சேமி என்று இரண்டும் வந்து நின்றன. நான் ஏமாறவில்லை. சேமியை அமுக்கினேன். நம் சொத்து நம் பேரில். பென் டிரைவில் அவள் இன்னொன்று வைத்திருந்ததும் ஞாபகம் வந்தது. அதிலும் இதுவே இருக்கட்டும் என்று போட்டேன். ‘இதே பெயரில் ஒன்று இருக்கிறது, மாற்றவா?’ என்று கேட்டது. அத்தனை மரியாதையாகக் கேட்கும்போது மறுக்க மனசு வரவில்லை, ‘ஆம்’ என்றேன்.

இப்போது சொல், இப்படி ஒரு ஆள் இல்லாமல் இந்தக் கடை ஓடுமா? நான் எப்படி உன் மாடிக்கு வந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் போகிற வண்டியை எண்ணிக்கொண்டிருக்க முடியும்? ஆகையால் என்னை எதிர்பார்க்க வேண்டாம். அறையை வேறு எதற்காவது பயன்படுத்திக்கொள். உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு, மூத்த மாப்பிள்ளைக்கு என் மரியாதை, இரண்டாவது மாப்பிள்ளைக்கும் சொல்லவேண்டுமானால் சொல். பிள்ளைகள் எல்லாம் நோய்நொடி இல்லாமல், தொளதொள இல்லாத சட்டை போட்டுக்கொண்டு, எடுத்த காரியத்தைச் சேமித்து வாழவேண்டும் என்று வாழ்த்தும்

உன் அக்கா.

பி.கு.: இதைக் கையால் எழுதுகிறேன். காரணம், கம்ப்யூட்டரின் பக்கத்தில் நான் போகக் கூடாது என்று உத்தரவு.

இன்று காலையில் கமா செய்திக் கட்டோடு வந்து உட்கார்ந்தார். பேத்தி லேஅவுட்டைத் திறந்தாள். ‘என் அருமைத் தங்கச்சிக்கு’ என்று திறந்தது. பென் டிரைவைச் செருகினாள். அதிலும் நீதான். கருப்புக் கட்டமும் இல்லை, பூக்கட்டமும் இல்லை. காலி மனைக்குள் நான் வீடு கட்டிக் குடிவந்துவிட்டேனாம். ‘செயல் தவிர்’ அமுக்கேன்டி என்றேன். மூடிவிட்டுத் திறந்தால் அது வேலை செய்யாதாம். இதை முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

பேத்தி தலையில் கைவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கமா நான் அச்சடித்து வைத்திருந்த இந்தக் கடிதத்தை எடுத்து முழுவதும் படித்துவிட்டார். நான் அவருக்குப் பேர் வைத்ததைச் சொன்ன இடத்துக்கு வந்தபோது பேனாவை எடுத்தார். நீயே மேலே பார்த்துக்கொள், சிவப்பு மையில், கமா என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கமா போட்டிருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கடைக்காரன் அங்கிருந்தே அவரைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினான். கமா எழுந்தார். பேத்தியும் எழுந்துவிட்டாள், நானும் எழுந்துவிட்டேன். அவர் போய் ஜன்னல் கதவைச் சாத்தினார். ஸ்கேல் கீழே விழுந்தது. “எனக்கும் ஒரு தம்பி இருக்கான்மா, எனக்கும் ஒரு மனை இருந்தது” என்றார். பிறகு மேசைக்கு வந்து, “டேப்போட ஒரு முனையை நான் பிடிச்சுக்கறேன், நீங்க அளங்க. ஒன்னைக் கழிச்சுக்குங்க” என்றார். நேற்று ஜன்னலில் பிடித்த தாளை வைத்து அளந்தோம். அவரை என் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டதால் இடது இடதாகவும் வலது வலதாகவும் வந்தது. சாயங்காலம் இதழ் அச்சகத்துக்குப் போய்விட்டது. தபால்காரர் பூக்கட்டத்தில் இருக்கிறார்.

உனக்கு இதைச் சொல்லவேண்டியதன் காரணம் வேறு. புது லேஅவுட்டைப் பேத்தி வேறு பெயரில்தான் சேமித்தாள். என்ன பெயர் என்று கேட்டேன். “சின்னப் பாட்டி” என்றாள். “அவங்க பொருளை நீங்க விரலால கூடத் தொட மாட்டீங்கல்ல? இனிமே இது பத்திரமா இருக்கும்.”

ஆக, கடையின் முதுகெலும்பு இப்போது உன் பேரில் இருக்கிறது. நீ என் கூடப்பிறந்தவள், நல்லவள், எனக்கு உன்மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. உன் அத்தானும் அவர் தம்பியைப் பற்றி இப்படித்தான் சொன்னார். எனவே வர முடியாது என்று மேலே எழுதியதை அடித்துவிடு. இதைத் தபாலில் போட்ட நாலாம் நாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். மாடி அறையை யாருக்கும் கொடுத்துவிடாதே. வரும்போது எனக்கென்று ஒரு சீப்பும் கொண்டுவருகிறேன்.